35 எச்பி வண்டியும் முன் லோடரும்: வாங்கறதுக்கு முன்னாடி, வந்ததுக்குப் பின்னாடி

சிவன்மலை அடிவாரம்

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் பன்னெண்டு ஏக்கர் தோட்டம். ஏழு ஏக்கர் தென்னை, மிச்சம் மஞ்சளும் மக்காச்சோளமும். கட்டுத்தரைச் சாணி, கோழி எரு, தென்னை மட்டை, குளத்து வண்டல் எல்லாத்தையும் அள்ளிப் போட ஆள் கிடைக்கறதில்ல. புதுசா 4 வீல் டிரைவ் மினி டிராக்டர் எடுத்து முன்னாடி லோடர் (ரெண்டு கையோட பக்கெட் வெச்சு அள்ளித் தூக்கற கருவி) மாட்டலாம்னு இருக்கேன்.

ஷோரூம்ல 27 எச்பி குறுகல் வண்டியே லோடர் தாங்கும்ங்கறாங்க. பட்டறையில கேட்டா வண்டிய நிறுத்துங்க, லோடர் நாங்களே அடிச்சுத் தர்றோம்ங்கறாங்க. எந்த எச்பி எடுக்கறது, கம்பெனி லோடரா பட்டறை லோடரா, வண்டி வந்ததும் முதல் வேலை என்ன? இந்த மூணுக்கும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆழியாறு வடகரை

எச்பியை அப்புறம் பார்த்துக்கலாங்க. என்ன பொருளை அள்ளப் போறீங்க, அது எவ்வளவு எடைங்கறதுல இருந்து ஆரம்பிங்க.

இந்த அளவு வண்டிக்கு வர்ற நாலடி பக்கெட் தட்டையா நிரப்பினா 200 லிட்டர் வரைக்கும் பிடிக்கும். காய்ஞ்ச நார்க்கழிவுன்னா முப்பது கிலோகூடத் தேறாது. அதே நார்க்கழிவு மழையில ஊறினா பல மடங்கு ஆயிடும். கோழி எரு 90, 100 கிலோ. ஈரத் தொழு எரு 150 கிலோ. ஈரச் செம்மண்ணும் வண்டலும் 320-ல இருந்து 360 கிலோ. இது தட்டைக் கணக்கு, குமிச்சு அள்ளினா இன்னும் கூடும். பக்கெட்டோட சொந்த எடையே 80, 100 கிலோ.

நீங்க சொன்ன வேலையில எருவும் மட்டையும்தான் அதிகம். ஆனா வண்டல்னு ஒரு சொல் வந்திருக்கு. வண்டியோட அளவை முடிவு பண்றது அந்த ஒரு பொருள்தான். எருவுக்குப் போதும்னு வாங்கின லோடர்லதான் எல்லாரும் மண்ணையும் அள்ளுவாங்க. முன் ஆக்சில் போறது அங்கதான்.

லோடர் விக்கறவங்ககிட்ட தூக்கும் திறன் எந்த இடத்துல அளந்ததுன்னு கேளுங்க. பக்கெட்டைக் கையோட மாட்டற பின்ல (முளைக்கம்பியில) அளந்த எண் பெருசா இருக்கும், பக்கெட் நடுவுல அளந்தா கணிசமாக் குறையும். உச்ச உயரத்துல எவ்வளவு, ஒன்றரை மீட்டர்ல எவ்வளவுன்னும் கேளுங்க. டிப்பர் பக்கச்சுவருக்கு மேல கொட்டணும்னா உச்ச உயர எண்தான் உங்களுக்கு வேணும்.

வேளாண் பொறியியல் வாசகர்

ஆழியாறு அண்ணா சொன்னதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். லோடர் விஷயத்தில் பாதிக்கு மேல் இதில்தான் அடங்கியிருக்கிறது.

35 எச்பி வண்டி ஒன்று 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 4 வீல் டிரைவில் முன்பக்கம் சுமார் 470, பின்பக்கம் 630. முன், பின் சக்கர மையங்களுக்கு இடைத்தூரம் 1.6 மீட்டர். லோடரின் சட்டமும் கைகளும் 200 கிலோ. அதை முழுதும் முன் ஆக்சில் மேல் என்று எடுத்துக்கொள்வோம். பக்கெட்டும் மண்ணும் சேர்ந்து 350 கிலோ. அது முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது.

350-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 420. அதை 1.6-ஆல் வகுத்தால் 262. பின் சக்கரத்தில் இருந்து 262 கிலோ கிளம்பி முன்னால் போய்விடுகிறது என்று பொருள். முன் ஆக்சில் மேல் மொத்தம் 470 + 200 + 350 + 262 = 1,282 கிலோ. பின் சக்கரத்தில் மிஞ்சுவது 368. வெறும் வண்டியாக முன்னால் நின்றதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் இப்போது முன்னால் நிற்கிறது.

இப்போது பின் லிங்கில் (கலப்பை மாட்டும் பின்பக்கக் கைகளில்) 300 கிலோ எடை மாட்டுங்கள். அதன் மையம் பின் ஆக்சிலுக்கு 0.9 மீட்டர் பின்னால். முன் ஆக்சிலில் 169 கிலோ குறைந்து 1,113 ஆகிறது. பின்பக்கம் 837 ஆகிறது. வண்டி நிற்கும் நிலையே மாறிவிடுகிறது.

அந்த 169 கிலோவைக் குறைக்க வேறு வழி இல்லை. பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் அந்த எடை ஆக்சிலுக்கு நேர் கீழே இருக்கிறது. பின்பக்கம் கனமாகும், வண்டி நிலையாகும், ஆனால் முன் ஆக்சில் சுமை ஒரு கிலோகூடக் குறையாது. பின் ஆக்சிலைத் தாண்டித் தொங்கும் எடைதான் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

இதே கணக்கை 27 எச்பி குறுகல் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வகுப்பில் 650 கிலோ எடைக்கே வண்டி வருகிறது. வண்டியின் பாதி எடையைத் தாண்டிய பொருளை மூக்கு நுனியில் தொங்கவிட்டால் அது எப்படி நிற்கும்? மஞ்சள், வாழை இடையோட்டத்துக்கு அது அருமையான வண்டி. லோடருக்கு ஏற்றதல்ல.

மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையத்தின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். முன், பின் எடைப் பகிர்வு, ஹைட்ராலிக் அளவுகள், திருப்பு வட்டம் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத் தாளைவிட அதை நம்பலாம்.

பல்லடம் பண்ணை

கோழிக் கொட்டகைக்குள்ள விடற எண்ணம் இருந்தா எச்பிக்கு முன்னாடி உயரத்தை அளந்துக்கோங்க. கூரை உயரம் போதும்னு நினைப்போம். தீவனப் பைப்பும் தண்ணி நிப்பிள் லைனும் மேல இழுத்துக் கட்டின பிறகு எந்த உயரத்துல நிக்குதோ அதுதான் உங்க கூரை. பாதுகாப்பு வளைவு (வண்டி கவுந்தா ஓட்டறவரைக் காக்கற கம்பி) மடங்கற மாதிரியா, சைலன்சர் மேல் நோக்கியா பக்கவாட்டிலயா, இது ரெண்டும் பாருங்க. மேல் நோக்கின சைலன்சர்னா புகை கொட்டகைக்குள்ளேயே சுத்தும்.

டீப் லிட்டர் எருவை (தரையில பரப்பின படுக்கையோட சேர்ந்த எரு) அள்ளறப்ப பக்கெட் வெட்டு விளிம்பு தரையைக் கொத்தக் கூடாது. சிமெண்ட் தரை ஒரு தடவை பெயர்ந்தா அடுத்த பேட்ச்ல அந்தக் குழியில ஈரம் தங்கும். வால்வுல ஃப்ளோட் நிலை இருந்தா பக்கெட் தன் எடையிலயே தரையோட போகும். ஃப்ளோட் இல்லாத வால்வு வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, கியர். லோடர் வேலைன்னா முன்னாடி பின்னாடின்னு நாள் பூரா ஆட்டம்தான். இடது கைப்பக்கம் ஷட்டில் லிவர் (முன்னாடி, பின்னாடி மட்டும் மாத்தற கம்பி) இருக்கற வண்டியா எடுங்க. அது இல்லாம ஒவ்வொரு தடவையும் கியர் கம்பியை மாத்தி மிதிச்சு ஓட்டினா கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேஞ்சுரும். பவர் ஸ்டீயரிங் கட்டாயம். நிரம்பின பக்கெட்டோட மெக்கானிக்கல் ஸ்டீயரிங் திருப்பறது தோளுக்கும் ஆகாது, ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் ஆகாது.

பெருந்துறை ரோடு பட்டறை

பட்டறைக்காரனா சொல்றேனுங்க. பட்டறை லோடர் தப்பில்ல, எங்க பிடிக்குதுங்கறதுதான் கேள்வி.

டிராக்டருக்குன்னு தனிச் சேஸ் கிடையாது. எஞ்சின் பிளாக், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்ட வார்ப்பு. லோடரை முன் பிராக்கெட்டுலயும் கிளட்ச் ஹவுசிங் பக்கத்துலயும் மட்டும் பிடிச்சு விட்டா, ஒவ்வொரு தடவை குத்தி அள்ளும்போதும் அந்த அடி எஞ்சினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேர்ற இடத்துலதான் விழும். முதல்ல போல்ட் தளரும், அப்புறம் எண்ணெய் கசியும், கடைசியா வார்ப்புல விரிசல். அந்த விரிசலுக்கு வெல்டிங் நிக்காது, ஹவுசிங்கையே மாத்தணும்.

அதனால சட்டம் முன் பிராக்கெட்டுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் நீளமா ஓடி பின் ஆக்சில் ஹவுசிங்குல போய்ப் பிடிக்கணும். நடுவுல கம்பெனி விட்டிருக்கற திருகுத் துளையை மட்டும் பயன்படுத்தணும். வார்ப்புல புதுத் துளை போடறவனையும் வார்ப்புல வெல்டு வைக்கறவனையும் வண்டிக்கிட்டயே விடாதீங்க. தகடு 12 மிமீ-க்குக் குறையக் கூடாது. ரெண்டு கைக்கும் நடுவுல குறுக்குக் குழாய் இருந்தாத்தான் பக்கெட் ஒரு மூலையில இடிச்சாலும் கை முறுக்கிக்காது. பின் எல்லாம் இஎன்8 எஃகு, 30 மிமீ-க்கு மேல, புஷ்ஷோட, ஒவ்வொண்ணுக்கும் கிரீஸ் நிப்பிளோட. புஷ் இல்லாம தகட்டுத் துளையிலயே பின் ஓடற லோடரைப் பார்த்தா அங்கயே திரும்பி வந்துருங்க. துளை முட்டை வடிவமாயிட்டா சரிபண்றது பெரும்பாடு.

வேலை முடிஞ்சதும் ரெண்டு கையோட குறுக்களவையும் டேப்பில அளங்க. வித்தியாசம் 3 மிமீ-க்குள்ள இருக்கணும். பக்கெட்டைத் தரையில வெச்சா ரெண்டு மூலையும் ஒரே நேரத்துல படணும்.

வண்டியில எங்க வெல்டு வெச்சாலும் பேட்டரி நெகட்டிவையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழட்டிட்டுத்தான் வைக்கணும்.

இதோட இன்னொண்ணு. சட்டம் மாட்டினதுக்கு அப்புறம் ஆயில் ஃபில்டர் கழட்ட முடியுதா, டிப் ஸ்டிக் வருதா, பானெட் முழுசாத் திறக்குதா, பேட்டரி வெளிய வருதா? நாலையும் பட்டறையிலயே செஞ்சு காட்டச் சொல்லுங்க. ஃபில்டர் மாத்த லோடரையே கழட்டற நிலைமை நிறைய வண்டிக்கு இருக்கு.

சிவன்மலை அடிவாரம்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கணக்கைப் பார்த்ததும் 27 எச்பி எண்ணத்தை விட்டுட்டேன். 35-க்கு மேல பார்க்கறேன். பின் எடைக்குத் தனியா வெயிட் வாங்கணுமா, இல்ல ரோட்டவேட்டரே போதுமா? டயர்ல தண்ணி வைக்கலாம்னா எங்க போர் தண்ணி உப்புங்க. அதை விடலாமா?

ஈங்கூர் தடம்

இடையில ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க பன்னெண்டு ஏக்கருக்கு வருசத்துல எத்தனை நாள் லோடர் வேலை இருக்கும்? எருக்குழி காலி பண்றது வருசத்துக்கு ஒரு ரெண்டு தடவை, வண்டல் குளம் திறந்தா மட்டும். அதுக்கு மணி வாடகைக்கு ஜேசிபி கூப்பிட்டா பாதி நாள்ல முடிஞ்சுரும். வேளாண்மைப் பொறியியல் துறையோட இ-வாடகை செயலியிலயும் இயந்திரம் வாடகைக்கு இருக்கு. லோடர் மாட்டின வண்டியில ஏர் ஓட்டறதும் பாத்தி கட்டறதும் சிரமம். முன்னாடி நீட்டிட்டு இருக்கும், வரப்பு ஓரம் திருப்ப முடியாது. ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டணும்.

ஆழியாறு வடகரை

> அதுக்கு மணி வாடகைக்கு ஜேசிபி கூப்பிட்டா பாதி நாள்ல முடிஞ்சுரும்.

மண் வேலைக்கு நூறு சதவீதம் சரிங்ணா. குளத்து வண்டலை ஜேசிபி அள்ளி டிப்பர்ல கொட்டட்டும், தோட்டத்துக்குள்ள பரப்பறதை மட்டும் லோடர் பண்ணட்டும். ஆனா ஜேசிபி தென்னந்தோப்புக்குள்ள வந்தா சொட்டு நீர்ப் பைப்பும் வட்டப்பாத்தியும் என்னாகும்னு உங்களுக்கே தெரியும். இட்டேரி வழியா உள்ள வர்றதே பல தோட்டத்துக்கு நடக்காது. தினமும் சாணி ஒதுக்கறது, மட்டை குவிக்கறது, தீவன மூட்டை இறக்கறது, வெட்டின தீவனப்புல்லைக் கட்டுத்தரைக்கு இழுக்கறது, இந்த அன்றாட வேலைக்குத்தான் சின்ன லோடர்.

கழட்டி மாட்டற விஷயம் நீங்க சொன்னது முக்கியம். தன் காலிலயே நிக்கற மாதிரி ஸ்டாண்டும் ரெண்டு பின்னும் ஹோஸ் கப்ளரும் உள்ள லோடர்னா ஒருத்தரே கழட்டிரலாம். சமதளச் சிமெண்ட் தரையில கழட்டணும். சாய்வுத் தரையில கழட்டி வெச்சா மறுபடி மாட்டும்போது பின் துளை நேருக்கு வராது.

வேளாண் பொறியியல் வாசகர்

பின் எடைக்கு வருகிறேன். நாலடி ரோட்டவேட்டர் மாடலைப் பொறுத்து 250 கிலோ அளவில் இருக்கும். அதுவே நல்ல எதிர் எடை. ஆனால் குறுகிய இடத்தில் திருப்பும்போது பின்னால் நீட்டிக்கொண்டு சுவரில் இடிக்கும், பிளேடு தரையில் படாமல் எப்போதும் தூக்கியே வைத்திருக்க வேண்டும்.

மலிவான வழி, 200 லிட்டர் இரும்பு டிரம்மில் கான்கிரீட். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ. முழு டிரம் நிரப்பினால் 480 கிலோ. 35 எச்பி-க்கு அது அதிகம். பாதி டிரம்மிற்கும் முக்கால் டிரம்மிற்கும் நடுவில், 125 லிட்டர் அளவுக்கு நிரப்பினால் 300 கிலோ. வார்க்கும் முன்பே கீழ் லிங்குக்கான கம்பியைக் குறுக்கே விட்டு, டாப் லிங்குக்கான இரு காதுகளை உள்ளே கம்பி கட்டி நிறுத்திவிட வேண்டும். முதல் வகை லிங்கேஜுக்குக் கீழ்ப் பின் 22 மிமீ, டாப் லிங்க் பின் 19 மிமீ. கீழ்க் கைகளின் இடைவெளியை வண்டியிலேயே அளந்துகொள்ளுங்கள், குறுகல் வண்டிகளுக்கு இடைவெளியும் குறுகல். லிங்க் செயின் இரண்டையும் இறுக்கிவிடுங்கள். தளர்ந்திருந்தால் திருப்பத்தில் 300 கிலோ பக்கவாட்டில் ஆடும்.

டயர் தண்ணீர் பற்றி. நம் ஊரில் தண்ணீர் உறையாது, ஆகவே குளிர்நாடுகளில் கலக்கும் உப்புக் கரைசல் எதுவும் தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். டியூப் டயரானால் தண்ணீர் டியூபுக்குள் நிற்கும். உப்புத் தண்ணீர் வால்வையும், கசிந்தால் ரிம்மையும் அரிக்கும். மழைத்தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு வரும்; மீதி காற்று. 12.4-24 டயரில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 160 லிட்டர், இரண்டுக்கும் 320 கிலோ. முன் டயரில் ஒருபோதும் தண்ணீர் வைக்கக் கூடாது. முன்னால் பம்பரில் தொங்கும் வார்ப்பு எடைகளையும் லோடர் மாட்டும்போது கழற்றிவிட வேண்டும்.

உங்கள் வேலைக்கு டிரம் எடை கட்டாயம். டயர் தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

ஆனைமலை தோப்பு

டயரைப் பத்தி ஒண்ணு சேர்த்துக்கறேன். முன் டயர் 8 பிளை ரேட்டிங் கேளுங்க. காத்து, உழவுக்கு வைக்கற அளவுல லோடர் ஓட்டினா டயர் பக்கச்சுவர் மடிஞ்சு ரிம்முல இருந்து கழண்டுக்கும். டயர் பக்கச்சுவர்ல அச்சடிச்சிருக்கற உச்ச அளவுக்கு நெருக்கமா வைங்க. உழவுக்குப் போறப்ப மறுபடி இறக்குங்க.

திருச்செங்கோடு ஹைட்ராலிக்ஸ்

ஹைட்ராலிக் பத்தி யாரும் விரிவாப் பேசல.

வண்டியில டிப்பர் தூக்கறதுக்குன்னு ஒரு டபுள் ஆக்டிங் வால்வு இருக்கும். அதுல லோடரை ஓட்டலாம்னு சொல்லுவாங்க. ஒரு ஸ்பூல்ல (வால்வுக்குள்ள எண்ணெயைத் திருப்பி விடற தண்டு) ஒரு வேலைதான் நடக்கும். லோடருக்கு லிஃப்ட் ஒண்ணு, பக்கெட் சாய்ப்பு ஒண்ணு, ஆக ரெண்டு ஸ்பூல் உள்ள ஜாய்ஸ்டிக் வால்வு வேணும். பம்ப்ல இருந்து வர்ற லைன் முதல்ல லோடர் வால்வுக்குப் போகணும், அதோட பவர் பியாண்ட் துளையில (அழுத்த எண்ணெயை அடுத்த வால்வுக்குக் கடத்தற துளை) இருந்து வெளிய வந்து பின் லிஃப்டுக்குப் போகணும், டேங்க் துளையில இருந்து தனி லைன் சம்ப்புக்கு (எண்ணெய்த் தொட்டிக்கு) திரும்பணும். மூணு லைன். இதை ரெண்டு லைன்ல முடிச்சு, டேங்க் துளையவே பின் லிஃப்டுக்குக் கொடுத்தா, பின்னாடி ரோட்டவேட்டரைத் தூக்கற நேரத்துல முழு அழுத்தமும் லோடர் வால்வோட டேங்க் அறைக்குள்ள வரும். அந்த அறை அதுக்குச் செஞ்சதில்ல. ஸ்பூல் சீல் பிதுங்கி எண்ணெய் பீச்சும், சில நேரம் வால்வு உடம்பே பிளக்கும்.

பவர் ஸ்டீயரிங் பம்ப்ல இருந்து லைன் எடுக்கறதும் வேண்டாம். லோடர் எண்ணெயை இழுக்கற அந்த நொடியில ஸ்டீயரிங் கல்லாயிடும்.

வேகம் எவ்வளவு வரும்னு நீங்களே கணக்குப் போடலாம். 50 மிமீ போர், 400 மிமீ ஸ்ட்ரோக் சிலிண்டர் ஒண்ணுக்கு 785 மில்லி எண்ணெய், ரெண்டுக்கு ஒன்றரை லிட்டர் சொச்சம். பம்ப் நிமிசத்துக்கு 20 லிட்டர் தந்தா கை முழுசாத் தூக்க அஞ்சு நொடிக்குள்ள ஆகும். அது போதுமான வேகம். சிலிண்டரைப் பெருசாப் போட்டா அதிகம் தூக்கும்னு கேட்டு வர்றாங்க. தூக்கும், ஆனா மெதுவாத் தூக்கும், மேல பொறியியல் தம்பி போட்ட கணக்குல முன் ஆக்சில் எண் இன்னும் ஏறும். 150 பார்ல ஒரு 50 மிமீ சிலிண்டர் மூணு டன் தள்ளுது; இரும்புக்கு அதுவே தாராளம். ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினா எண்ணெயைத் திறந்து விடற வால்வு) திருகை யாரும் தொடக் கூடாது, முத்திரை இருந்தா முத்திரையோட விடுங்க.

ஹோஸ் எஸ்ஏஇ 100 ஆர்2, ரெட்டைக் கம்பிப் பின்னல். முக்கால் இஞ்ச் வேண்டாம், மூணுக்கு எட்டு இஞ்சே போதும். அது 330 பார் தாங்கும். ஒற்றைப் பின்னல் ஆர்1 அதே அளவுல 180 பார்தான், ரிலீஃப் அழுத்தத்துக்குப் பக்கத்துலயே நிக்குது, வெயில்ல காய்ஞ்சு ரெண்டு வருசம் ஆனா விடும். எங்க ஊர்ல போர் ரிக் வண்டிக்காகவே கிரிம்ப் போடற கடைங்க இருக்கு, நீளம் மட்டும் சரியாக் கொடுங்க. கை உச்சியில இருக்கும்போதும் அடியில இருக்கும்போதும் ஹோஸ் இழுபடக் கூடாது, டயரைத் தொடக் கூடாது. தேயற இடத்துல ஸ்பிரிங் உறை போடுங்க.

எல்லாம் மாட்டின பிறகு எஞ்சினை மெதுவா ஓட விட்டு, காலி பக்கெட்டோட ஒவ்வொரு சிலிண்டரையும் முழுசா நீட்டி முழுசா மடக்கி, அஞ்சாறு தடவை பண்ணுங்க. காத்து வெளிய வந்துரும். அப்புறம் பக்கெட்டைத் தரையில இறக்கி வெச்சு எண்ணெய் மட்டம் பாருங்க, ரெண்டு மூணு லிட்டர் குறைஞ்சிருக்கும். கம்பெனி சொன்ன அதே டிரான்ஸ்மிஷன் எண்ணெயை ஊத்துங்க. ஈர பிரேக் (எண்ணெய்க்குள்ளயே ஓடற பிரேக்) உள்ள வண்டியில சாதா ஹைட்ராலிக் எண்ணெய் கலந்தா பிரேக் கத்தும், பிளேட் தேயும்.

பல்லடம் பண்ணை

டெலிவரி நாள்ல பார்க்க வேண்டியதையும் சொல்லிடறேன்.

எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர், தயாரிப்பு மாசம் மூணையும் இன்வாய்ஸோட ஒத்துப் பாருங்க. ஹவர் மீட்டர் பாருங்க. லாரியில வர்றதுக்காக டயர்ல காத்து தூக்கி வெச்சிருப்பாங்க, அதைச் சரி பண்ணுங்க. வீல் நட்டு எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச் போட்டே இறுக்கச் சொல்லுங்க. எஞ்சின் ஆயில், டிரான்ஸ்மிஷன் எண்ணெய், முன் ஆக்சில் எண்ணெய், கூலன்ட், பேட்டரி. முன் ஆக்சில் எண்ணெயைத்தான் நிறைய பேர் மறந்துடுவாங்க. 4 வீல் டிரைவ்ல நடு டிஃபரன்சியலும் ரெண்டு பக்கக் கியர் பெட்டியும் இருக்கு. லோடர் சுமை முழுக்க அதுங்க மேலதான். ரேடியேட்டர்ல போர் தண்ணி ஒரு சொட்டுகூட வேண்டாம், கலந்து வர்ற கூலன்டையே ஊத்துங்க.

ரேடியேட்டருக்கு முன்னாடி கழட்டற மாதிரி வலை இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா போடச் சொல்லுங்க. நார்த் தூசியும் கோழி எருத் தூசியும் அங்க அடைஞ்சா வண்டி சூடேறும். சுத்தம் பண்றப்ப காத்தை எஞ்சின் பக்கம் இருந்து வெளிப்பக்கமா ஊதணும். வெளிய இருந்து ஊதினா தூசி இன்னும் உள்ள போய் அடையும்.

பெருந்துறை ரோடு பட்டறை

அதோட போல்ட். லோடர் சட்டத்து போல்ட் எல்லாம் முதல் பத்து மணி நேரத்துல ஒருக்கா, அம்பது மணி நேர சர்வீஸ்ல ஒருக்கா மறுபடி இறுக்கியே ஆகணும். புதுப் பெயின்ட் நசுங்கி இடம் விடும், அதுலதான் தளர்ச்சி ஆரம்பிக்கும். எம்16 8.8 கிரேடுக்கு 200 நியூட்டன் மீட்டர் அளவு, எம்12-க்கு 80. தளர்ந்த போல்டைச் சும்மா இறுக்கி விட்டுடாதீங்க. கழட்டிப் பாருங்க. தண்டுல பளபளன்னு தேஞ்ச வளையம் இருந்தா அது சட்டத்தோட ஆடியிருக்கு, புதுசு மாத்துங்க.

கிரீஸ் எட்டு, பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருக்கா. பழைய கிரீஸ் ஓரத்துல பிதுங்கற வரைக்கும் அடிங்க. பக்கெட்டைத் தரையில அழுத்தாம, லேசா விட்டு வெச்சு அடிச்சாத்தான் பின்னைச் சுத்திப் பரவும். முன் ஆக்சில் நடுப் பின் நிப்பிளை லோடர் சட்டம் மறைச்சிருக்கும், தேடிப் பிடிச்சு அதையும் அடிங்க.

அம்பது மணி சர்வீஸைத் தள்ளிப் போடாதீங்க. புதுக் கியர் தேஞ்ச இரும்புத் தூள் அப்பத்தான் அதிகம் இருக்கும். எஞ்சின் ஆயிலோட ஹைட்ராலிக் ஃபில்டரும் மாறணும். அதே எண்ணெய்தான் லோடர் வால்வுக்குள்ளயும் ஓடுது.

ஈங்கூர் தடம்

ஓட்டறதைப் பத்தி ஒரு வார்த்தை. பெரும்பாலான மினி வண்டிக்குப் பிரேக் பின் சக்கரத்துல மட்டும்தான். நிரம்பின பக்கெட்டோட சரிவுல இறங்கினா பின்பக்கம் எடை இல்லாம இருக்கும், பிரேக் மிதிச்சாலும் சக்கரம் சறுக்கிட்டே போகும். இறக்கத்துல 4 வீல் டிரைவ் போட்டு, குறைஞ்ச கியர்ல, எஞ்சின் பிடியில இறங்கணும். முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் 4 வீலை எடுத்துடணும், இல்லைன்னா முன் கியரும் டயரும் தேயும்.

சுமையோட போறப்ப பக்கெட் தரையில இருந்து ஒரு அடி உயரத்துக்குள்ள இருக்கட்டும். தூக்கிட்டே திரும்பக் கூடாது. பாதுகாப்பு வளைவை நிமிர்த்தி வெச்சு சீட் பெல்ட் போட்டுத்தான் வெளிய ஓட்டணும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணத்து ஓரம், தோட்டத்துக்குள்ள தாழ்ந்து தொங்கற ஈபி லைன், இது ரெண்டும் நம்ம பக்கம் எல்லாத் தோட்டத்துலயும் உண்டு. பக்கெட்ல ஆளை ஏத்தித் தேங்காய் பறிக்கறது, மட்டை வெட்டறது கூடவே கூடாது. ஒரு ஹோஸ் விட்டா ஆள் நேரா கீழ வருவாங்க.

பக்கெட்டைச் செங்குத்தாக் கவுத்து வெச்சு ரிவர்ஸ்ல மண் இழுக்கறதும் பழகாதீங்க. முழுசா நீண்ட சாய்ப்பு சிலிண்டர் ராடு வளையறது அதுலதான். ஃப்ளோட்ல போட்டு, பக்கெட்டை லேசாச் சாய்ச்சு இழுங்க.

வேளாண் பொறியியல் வாசகர்

காகித வேலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கொட்டேஷனில் டிராக்டர், லோடர், மாட்டும் கூலி மூன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். மானியத்துக்கு விண்ணப்பிப்பதானால் உழவன் செயலி அல்லது வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகம் வழியாக முன்கூட்டியே பதிந்து, அனுமதி ஆணை கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. லோடரை நிரந்தரமாகப் பொருத்தும் எண்ணமிருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பட்டறை லோடர் மாட்டினால் எஞ்சின், முன் ஆக்சில் வாரண்டி நிற்குமா என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் அம்பது மணி சர்வீஸ் வரைக்கும்தான் வரும்.

சிவன்மலை அடிவாரம்

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேனுங்க. 35-ல இருந்து 40 எச்பி-க்குள்ள, ஷட்டில் லிவரோட, கம்பெனியே அங்கீகரிச்ச லோடர், பின்னாடி 300 கிலோ டிரம். வண்டல் ஜேசிபிக்கு. கடைசியா ஒண்ணு: பார்த்த டெமோ வண்டியில எஞ்சினை நிறுத்திட்டுப் பேசிட்டு இருக்கும்போதே பக்கெட் தானா இறங்குது. இது வழக்கமா, குறையா?

திருச்செங்கோடு ஹைட்ராலிக்ஸ்

ஸ்பூல் வால்வுல இரும்போட இரும்பு ஓடறதால நிமிசக் கணக்குல ஒண்ணு ரெண்டு இஞ்ச் இறங்கறது வழக்கம்தாங்க. அதனாலதான் வண்டியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி பக்கெட்டைத் தரையில வைக்கச் சொல்றது. கண்ணுக்குத் தெரியற வேகத்துல இறங்கினா குறை.

சீலா வால்வாங்கறதைப் பிரிச்சுப் பார்க்க, கையைத் தரையில இறக்கி ஸ்டாண்டு மேல நிறுத்துங்க. ரெண்டு லிஃப்ட் சிலிண்டரோட ராடு பின்னையும் கழட்டி, சுமையில்லாம ரெண்டையும் முழுசா நீட்டுங்க. எஞ்சினை நிறுத்தி, லிவரை ரெண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டுட்டு, ஒரு சிலிண்டரோட ராடு பக்க ஹோஸைக் கழட்டி ஹோஸ் வாயை மூடுங்க. மறுபடி எஞ்சினை மெதுவா ஓட விட்டு லிஃப்ட் பக்கம் லிவரைப் பிடிங்க. திறந்திருக்கற துளையில முதல்ல வர்ற கொஞ்ச எண்ணெய் கணக்கில்ல. தொடர்ந்து ஒழுகினா பிஸ்டன் சீல் போயிருக்கு. நின்னுட்டா அடுத்த சிலிண்டரையும் அதே மாதிரி பாருங்க. ரெண்டும் சரியா இருந்தா குறை வால்வுல. கசிவை விரலால தடவிப் பார்க்காதீங்க, அழுத்தத்துல வர்ற எண்ணெய் தோலுக்குள்ள போயிரும். அட்டையைப் பிடிச்சுப் பாருங்க. டெமோ வண்டின்னா டெலிவரிக்கு முன்னாடி இந்தச் சோதனையை அவங்களையே உங்க கண்ணு முன்னாடி பண்ணச் சொல்லுங்க. சீல் கிட் மாத்தறது ஒரு மத்தியான வேலை, வால்வுன்னா முழுசா மாத்தித் தரச் சொல்லுங்க.